வெளிநாட்டு வேலைக்கு மின்கருவிகளைக் கொண்டுபோவது எப்படி: குமரி மாவட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் ஒருமுறை ஒரு பயணப்பெட்டியைத் தூக்கி வைத்தோம். மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறவிருந்த டைல்ஸ் வேலைக்காரர் ஒருவருடைய பெட்டி அது. தராசு 38 கிலோ காட்டியது. டிக்கெட்டில் அனுமதித்திருந்தது 30 கிலோ. உள்ளே துணிமணி 6 கிலோ கூட இருக்காது. மார்பிள் கட்டர், கிரைண்டர், ஹாமர் ட்ரில், பசை கலக்கும் மிக்சர், இரண்டடி நீள டைல் வெட்டி என்று மீதியெல்லாம் இரும்பு. எதை எடுத்து வெளியே வைப்பது என்று கேட்டபோது, எல்லாம் வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். கூடுதல் எடைக்குப் பணம் கட்டிக் கொண்டுபோன அந்தக் கருவிகளில் பாதியை வேலையிடத்தில் அனுமதிக்கவில்லை. இரண்டு வருடமும் அவை தொழிலாளர் தங்கும் கேம்ப் அறைக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.

மரவேலைக்காரனாகப் பல ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கருவியின் விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், போகும் நாட்டின் மின்சாரம், வேலையிடத்தின் விதி, பெட்டியின் எடை ஆகிய மூன்றையும் பார்த்து முடிவெடுப்பவருக்கு நட்டம் வராது என்பதே என் கருத்து.

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் வேலை ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் பெரிய கட்டுமான நிறுவனங்களும் பராமரிப்பு நிறுவனங்களும் மின்கருவிகளைத் தாங்களே தருவதுதான் வழக்கம். வெளியிலிருந்து வரும் கருவியை அவர்கள் விரும்புவதுமில்லை. ஒப்பந்தத்தில் கருவி பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், கருவி யார் பொறுப்பு, சொந்தக் கருவி உடைந்தால் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் ஏஜென்சி வழியாக எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும்; வாய்ச்சொல் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே தச்சரும் பிளம்பரும் தம் கைக்கருவிகளோடு வருவதுதான் எதிர்பார்ப்பு. கட்டுமானத் தொழிலுக்கான ஊதிய விதியிலேயே அதற்கென்று கருவிக்கான படித்தொகை உண்டு.

பத்தாம் வகுப்பு தேறாமல் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரையுள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் இ-மைகிரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் உங்கள் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறதோ, கொண்டுபோகும் கருவியும் அதற்குப் பொருந்த வேண்டும். விசிட் விசாவில் போகிறவர் கருவிப்பெட்டியோடு இறங்கினால், வேலை செய்யத்தான் வந்திருக்கிறார் என்பதை அந்தப் பெட்டியே சொல்லிவிடும். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். அப்படிப் போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியில் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த நாட்டு மின்சாரம்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமீரகம், ஓமன், கத்தார், பஹ்ரைன், குவைத், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் நம் கருவிகள் பிளக்கை மாற்றினால் ஓடும். சவூதி அரேபியாவில் மட்டும் 60 ஹெர்ட்ஸ். அதோடு பழைய கட்டிடங்கள் சிலவற்றில் 127 வோல்ட் சாக்கெட்டும் 220 வோல்ட் சாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சாக்கெட்டில் குத்துவதற்கு முன் டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரால் வோல்ட் பாருங்கள். டெஸ்டர் விளக்கு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் எரியும்.

50-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு எந்தக் கருவியைப் பாதிக்கும் என்பதைக் கருவியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கையில் பிடிக்கும் கிரைண்டர், ட்ரில், மார்பிள் கட்டர், பிளானர் ஆகியவற்றின் பின்பக்கத்தில் இரு புறமும் ஸ்குரூ டிரைவரால் திறக்கும் சிறிய வட்ட மூடிகள் இருக்கும். அவற்றுக்குள் கார்பன் பிரஷ் இருக்கும். அந்த வகை மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது, ஹெர்ட்ஸைப் பொறுத்ததல்ல. ஆகையால் சவூதியிலும் அது ஒழுங்காக ஓடும். பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார், அதாவது பெஞ்ச் கிரைண்டர், சில கம்ப்ரசர்கள், நிலையாக வைக்கும் மரவேலை மிஷின்கள் போன்றவை, 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றிய கல் 3,500 சுற்றுக்குப் போனால், அந்தக் கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் அதன் முன்னால் நிற்கக் கூடாது.

கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் நாடுகள். நம் 230 வோல்ட் ட்ரில்லை அங்கே மாட்டினால் எரியாது. ஆனால் கால் பங்கு பலத்தில் முனகிக்கொண்டு சுற்றும். வோல்டேஜை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 1,000 வாட் கிரைண்டருக்கு, அது கிளம்பும்போது இழுக்கும் கரண்டையும் சேர்த்தால் குறைந்தது 2 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதைத் தினமும் வேலையிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சி.எஸ்.ஏ. அல்லது யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இல்லாத கருவியை அங்குள்ள மேற்பார்வையாளர் ஏற்பதும் கடினம். கனடாவுக்குப் போகிறவர்கள் ஒயர் வைத்த கருவி ஒன்றையும் கொண்டுபோக வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

பிரிட்டனில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் கட்டுமான இடங்களில் மஞ்சள் நிற டிரான்ஸ்பார்மர் வழியாக வரும் 110 வோல்ட்தான் வழக்கம். ஷாக் அடித்தாலும் தரைக்கு 55 வோல்ட்டுக்கு மேல் வராதபடி அதை அமைத்திருக்கிறார்கள். நம் 230 வோல்ட் கருவியோடு போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கருவி ஓடும். பிளக் மட்டும் சாய்ந்த தகட்டுக் கால்களைக் கொண்டது.

எதைக் கொண்டுபோகலாம், எதை விட்டுவிடலாம்

நிறுவன வேலைக்கு வளைகுடா போகும் ஒருவருக்கு என் பட்டியல் மிகச் சிறியது. கை பழகிய அளவுக்கருவிகள், ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, நல்ல உளிகள், எலக்ட்ரீசியன் என்றால் மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும், வெல்டர் என்றால் தானாகக் கறுக்கும் ஹெல்மெட். மின்கருவியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவையும் பேட்டரி வகையாக இருப்பது நல்லது. கொத்தனாருக்குக் கரண்டியும் தச்சருக்கு இழைப்புளியும் கைக்குப் பழகியதாக இருக்க வேண்டும். புதிது வாங்கிப் பழக ஒரு மாதம் ஆகும். கிரைண்டர் அப்படியல்ல, யாருடைய கையிலும் ஒரே மாதிரிதான் சுற்றும்.

கிரைண்டரைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மூரில் பெரும்பாலோர் வைத்திருப்பது நாலு இஞ்ச், அதாவது 100 மில்லிமீட்டர் கிரைண்டர். அதன் டிஸ்க்கின் நடுத்துளை 16 மில்லிமீட்டர். பல வெளிநாட்டுக் கடைகளில் தாராளமாகக் கிடைப்பது 115, 125 மில்லிமீட்டர் டிஸ்க். அதன் துளை 22.23 மில்லிமீட்டர். டிஸ்க் கிடைக்காதபோது, காவல் தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை வாஷர் வைத்து மாட்டும் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அதன் விளிம்பு வேகமும் கூடும். துளை நடுவில் உட்காராவிட்டால் அது குலுங்கி உடையும். உடைந்த துண்டு பாய்வதைத் தடுக்கத் தகடும் இருக்காது. உங்கள் கிரைண்டர் அளவுக்கு அங்கே டிஸ்க் கிடைக்குமா என்று முன்பே போனவரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எடையையும் கணக்கில் எடுங்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் ஏறக்குறைய 2 கிலோ, மார்பிள் கட்டரும் சாதாரண ரோட்டரி ஹாமரும் தலா 3 கிலோ, ஏழு இஞ்ச் வட்ட ரம்பம் 4 கிலோ அளவில் இருக்கும். கருவியோடு வரும் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வெல்டிங் ராடு, டிஸ்க் பொட்டலங்கள் ஆகியவற்றை ஏற்றாதீர்கள். நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அங்கே எந்தச் சோதனையிலும் தேறாது.

பேட்டரி: அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் விதி கடுமையானது. கருவிக்கும் பேட்டரிக்கும் வழி வேறு வேறு. ட்ரில், ரம்பம், ஸ்குரூ டிரைவர், சுத்தியல் ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது; அவை செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். கருவியிலிருந்து கழற்றிய பேட்டரி செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. அது கைப்பையில் உங்களோடு வர வேண்டும். காரணம் எளிது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் பணியாளர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கு அறையில் அது யாருக்கும் தெரியாது.

எவ்வளவு பெரிய பேட்டரி என்பதை வாட்-மணிக் கணக்கில் பார்ப்பார்கள். பேட்டரியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைத் திருப்பிப் பாருங்கள்; வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72. 5 என்றால் 90. இவை 100-க்குள் வருவதால் தனி அனுமதி வேண்டாம். 6 ஆம்பியர்-மணி என்றால் 108. 8 என்றால் 144. 100-க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அவற்றிலும் உதிரியாக இரண்டுக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது. 9 ஆம்பியர்-மணி 162 ஆகிவிடுவதால் அதைப் பயணச்சாமானில் கொண்டுபோகவே வழியில்லை. 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதிய பேட்டரியும் உண்மையில் 18 வோல்ட்தான். இருந்தாலும் கவுண்டரில் இருப்பவர் சீட்டில் உள்ள 20-ஐ வைத்துப் பெருக்கக்கூடும். வாட்-மணி அளவு தெளிவாக அச்சிட்டிருக்கும் பேட்டரியையே எடுங்கள். சீட்டு அழிந்துபோனதை எடுக்காதீர்கள்.

100-க்குள் உள்ள பேட்டரிகளின் எண்ணிக்கைக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு உண்டு. டிக்கெட் எடுத்தவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். வீங்கியது, விழுந்து வெடிப்பு விட்டது, உள்ளூர்க் கடையில் செல் மாற்றியது எதுவும் வேண்டாம். லேசர் லெவல், டார்ச் லைட் ஆகியவற்றின் பேட்டரியையும் மறக்காதீர்கள். என் பெட்டியையே ஒருமுறை இதற்காகத் திருப்பி அழைத்தார்கள். ட்ரில் பேட்டரி இரண்டையும் ஒழுங்காகக் கைப்பையில் வைத்திருந்தேன். வேட்டிக்குள் சுருட்டிவைத்த லேசர் லெவலின் உதிரி பேட்டரி ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கட்டிய பெட்டியை ஒரு தனி அறையில் அவிழ்த்து, அம்மா வைத்த நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம் வரை வெளியே எடுத்துத் தேட வேண்டியதாயிற்று.

சார்ஜரைப் பொறுத்தவரை, அதன் மேல் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் எங்கும் ஓடும். 220–240 என்று மட்டும் இருந்தால் கனடாவில் பயன்படாது. அதே பேட்டரிக்குப் பொருந்தும் சார்ஜரை அங்கே வாங்கிக்கொள்ளலாம். பேட்டரிக் கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நிலையிலும் கூடாதவை

காற்றடைத்த ஸ்ப்ரே டின்கள், தின்னர், பெயின்ட், எளிதில் தீப்பிடிக்கும் பசைகள், எரிவாயு டப்பா, ஆணி அறையும் துப்பாக்கிக்குரிய வெடித்தோட்டா எதையும் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பெட்ரோலில் ஓடும் மரமறுக்கும் ரம்பம், ஒருமுறை எண்ணெய் ஊற்றி ஓட்டியது என்றால், டேங்கைக் காயவைத்தாலும் வாசம் விடாது, அதை மறந்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதும் கட்டுவதும்

கருவியைக் காற்றடித்துத் தூசி போக்கி, பிட்டையும் டிஸ்க்கையும் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, இன்னொரு ஜோடியை உதிரியாக வையுங்கள். உங்கள் மாடலுக்குரிய பிரஷ் அங்கே எளிதில் கிடைக்காமல் போகலாம், எடையும் இல்லை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் உளி, ரம்பப்பல் ஆகியவற்றில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். குளச்சல் காற்றில் ஒரு வாரம் வெளியே கிடந்த உளிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மண், மரத்தூள், விதை, பூச்சி ஆகியவற்றில் மிகவும் கண்டிப்பான நாடுகள். மண்வெட்டித் தலையிலோ கரண்டி இடுக்கிலோ காய்ந்த மண் ஒட்டியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். மரக்கைப்பிடியில் பட்டையோ வண்டு துளைத்த ஓட்டையோ இருக்கக் கூடாது. இடைவெளியை நிரப்ப வைக்கோல், தென்னைநார், வாழைச்சருகு எதையும் பயன்படுத்தாமல் உங்கள் துணிகளையே பயன்படுத்துங்கள். வருகை அட்டையில் கருவி இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

கனமான கருவிகள் பெட்டியின் சக்கரப் பக்கம் அடியில் வரட்டும். எல்லாக் கருவியும் ஒரே பெட்டியில், மேலிருந்து எளிதில் எடுக்கும்படி இருக்கட்டும். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு வரிந்து கட்டி டேப் சுற்றி எடுத்துச்செல்வது நம்மவர் வழக்கம். இரும்பு நிறைந்த பெட்டியை ஸ்கேனில் பார்த்தவுடன் திறக்கச் சொல்வார்கள், அந்தக் கயிற்றை அங்கே வெட்ட உங்களிடம் கத்தி இருக்காது. டிக்கெட்டில் 40 கிலோ அனுமதி இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

காகிதங்கள்

ஒரு தாளில் கருவியின் பெயர், தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், வாங்கிய ஆண்டு, தோராய மதிப்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி நான்கு பிரதி எடுங்கள். சீரியல் எண் தெரியும்படி படமும், ஜிஎஸ்டி பில் இருந்தால் அதன் நகலும் வேண்டும். விலை கூடிய கருவி என்றால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெறலாம்; திரும்பி வரும்போது அந்தக் கருவியை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருதித் தீர்வை போடாமல் இருக்க அது உதவும். அதிகாரி கருவியைப் பார்க்க வேண்டும் என்பதால் செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பழைய கிரைண்டர் ஒன்றுக்காக இந்த அலைச்சல் தேவையில்லை.

இறங்கும் நாட்டில், வளைகுடாவின் பொதுச் சுங்கத்தீர்வை 5 சதவீதம் என்றாலும், பயன்படுத்திய சொந்தக் கருவியைப் பொதுவாகக் கேட்பதில்லை. சீல் பிரிக்காத புதுக் கிரைண்டர் மூன்று இருந்தால் வியாபாரச் சரக்காகத் தோன்றும். ஊரில் யாராவது தன் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லித் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அதற்கும் பொறுப்பு நீங்கள்தான். பிரிட்டனுக்குக் குடியேறுபவர், 12 மாதம் வெளியே வாழ்ந்து, கருவியை 6 மாதமாவது சொந்தமாகப் பயன்படுத்தியிருந்தால், முன்கூட்டி விண்ணப்பித்துத் தீர்வை விலக்குப் பெறலாம். ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக அனுப்பும் சாமானைச் சொந்தமாகப் பயன்படுத்தியிருக்க வேண்டிய காலம் 12 மாதம். ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் புதுக்கருவி வாங்கி அனுப்புவதில் லாபம் இல்லை. கனடாவில் முதலில் இறங்கும்போதே, பின்னால் வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் கொடுத்துவிட வேண்டும்.

விமான நிலையத்தில்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலை நம்ப முடியாது. கருவிப்பெட்டி இருந்தால் நான்கு மணி நேரம் முன்பே போய்ச்சேருங்கள். பட்டியலின் ஒரு பிரதி பெட்டிக்குள்ளும் ஒன்று கையிலும் இருக்கட்டும்.

இறங்கியபின் பெட்டி உடைந்திருந்தால் வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனக் கவுண்டரில் எழுதிக்கொடுத்து நகல் வாங்குங்கள். விமானப் பயணத்துக்கான சர்வதேச மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த சாமானுக்கு அது கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அப்போது அந்தச் சீரியல் எண் பட்டியல்தான் உங்கள் சாட்சி.

போய்ச்சேர்ந்த பிறகு

வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் சதுரக் கால்கள் மூன்று கொண்ட, உள்ளே பியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக்தான். அந்தச் சாக்கெட்டின் மேல்துளையில் எர்த் கால் நுழைந்தால்தான் கீழ்த்துளைகளின் மூடி திறக்கும். மேல்துளையில் ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பிடித்துக்கொண்டு நம்மூர் உருண்டைக்கால் பிளக்கைக் கீழே திணிப்பதைப் பல கேம்ப் அறைகளில் பார்க்கலாம். கால் சரியாகப் பற்றாமல் சூடேறி, பிளக் உருகி, சாக்கெட்டும் கருகும். இறங்கிய முதல் நாளே புதுப் பிளக் வாங்கி மாட்டிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். அங்கே கட்டுமான இடத்தில் கருவியை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதித்துச் சீட்டு ஒட்ட வேண்டும். வளைகுடாவின் பெரிய வேலையிடங்களிலும் சோதித்த கருவிக்கு அந்தந்தக் காலத்துக்குரிய நிறத்தில் டேப் சுற்றுவார்கள். நிறம் மாறிய பிறகு பழைய டேப்போடு வேலை செய்தால் கருவியைப் பிடுங்கி வைப்பார்கள்.

முதன்முறை கரண்ட் கொடுப்பதற்கு முன் கிரைண்டரின் லாக் பொத்தானைப் பாருங்கள். பெட்டிக்குள் அழுந்தி அது ஓடும் நிலையில் நின்றிருந்தால், பிளக்கைக் குத்தியவுடன் கிரைண்டர் தரையில் தானாகத் துள்ளும்.

கடைசியாக, சொந்தக் கருவியை முதன்முதலில் வேலையிடத்துக்குள் கொண்டுபோகும் நாளன்றே கேட் காவலரிடமோ ஸ்டோரிலோ சீரியல் எண்ணோடு பதிந்து, முத்திரை வைத்த நகலை வாங்கி இக்காமாவோடு (குடியிருப்பு அனுமதி அட்டை) சேர்த்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் உள்ளே போன கருவி, வேலை முடிந்து வெளியே வரும்போது கம்பெனிக் கருவியாகிவிடும்.